கட்டடங்களைப் பற்றி ஆங்கிலத்தில் பேசுவோம்



"வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்" என்பது நம் பழமொழி. கட்டிய வீட்டைப் பற்றி ஆங்கிலத்தில் இரண்டு நிமிடம் பேசிப்பார் என்பதையும் அதனோடு சேர்த்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. நண்பனைப் பற்றிக் கேட்டால் பேசுகிற பிள்ளை, திருவிழாவைப் பற்றிக் கேட்டால் உற்சாகமாகப் பேசுகிற பிள்ளை, "ஒரு கட்டடத்தைப் பற்றிச் சொல்" என்றவுடன் வாயடைத்துப் போகிறது. இதற்குக் காரணம் என்ன? அதைப் போக்கும் வழி என்ன? இன்றைய உரையில் இவ்விரண்டையும் பார்ப்போம்.

நான் ஜோகூரில் ஒரு தோட்டப்பள்ளி ஆசிரியர். என்னிடம் படித்த பிள்ளைகள் வளர்ந்து, தாதிமைப் படிப்புக்கோ பல்கலைக்கழகத்துக்கோ வெளிநாட்டு வேலைக்கோ விண்ணப்பம் போடும்போது, ஆங்கிலப் பேச்சுத் தேர்வு ஒன்று குறுக்கே வந்து நிற்கிறது. அப்போது பழைய ஆசிரியரைத் தேடி வருகிறார்கள். எழுத்துத் தேர்வுக்கு அவர்கள் அஞ்சுவதில்லை. பேச்சுத் தேர்வுக்குத்தான் அஞ்சுகிறார்கள்.

முதலில் தேர்வு எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். ஐயெல்ட்ஸ் என்று அழைக்கப்படும் அனைத்துலக ஆங்கிலத் தேர்வு 1989 முதல் நடந்து வருகிறது. அதன் பேச்சுப் பகுதி 11 முதல் 14 நிமிடம் வரை நீடிக்கும். அதில் மூன்று கட்டங்கள் உண்டு. முதல் கட்டத்தில் ஊர், வீடு, படிப்பு பற்றிய எளிய கேள்விகள் வரும். இரண்டாவது கட்டத்தில் ஓர் அட்டையைக் கொடுப்பார்கள். "நீங்கள் பார்த்த ஒரு கட்டடத்தை வருணியுங்கள்" என்பது போல அதில் ஒரு தலைப்பும், அதன்கீழ் சில துணைக் கேள்விகளும் இருக்கும். யோசிக்க 1 நிமிடம். பேச 1 முதல் 2 நிமிடம். மூன்றாவது கட்டத்தில் அதே பொருளை விரித்து, "பழைய கட்டடங்களை இடிக்கலாமா, காக்க வேண்டுமா?" என்பது போன்ற பொதுக் கேள்விகள் கேட்பார்கள். சிங்கப்பூரின் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்விலும் படத்தைப் பார்த்து உரையாடும் பகுதி உண்டு. தேர்வின் பெயர் வேறாக இருக்கலாம். தேவைப்படும் திறமை ஒன்றுதான்.

இனி மதிப்பெண். ஐயெல்ட்ஸ் தேர்வாளர் நான்கு விஷயங்களைக் கவனிக்கிறார்: தடங்கலின்றிக் கோவையாகப் பேசுதல், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. நான்குக்கும் சமமான மதிப்பு. நீங்கள் சொல்லும் கட்டடம் எவ்வளவு உயரம், எவ்வளவு புகழ் பெற்றது என்பதற்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை. இதை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஏனென்றால் நம் பிள்ளைகள் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

தாஜ்மகாலைப் பற்றியோ, கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தைப் பற்றியோ ஒரு கட்டுரையை மனப்பாடம் செய்துகொண்டு போகிறார்கள். முதல் நான்கு வாக்கியங்கள் அருவி போல் கொட்டும். தேர்வாளர் குறுக்கிட்டு, "அங்கே நீங்கள் எந்தப் பக்கமாக உள்ளே நுழைந்தீர்கள்? உங்களுக்கு என்ன தோன்றியது?" என்று கேட்டால் விழி பிதுங்கிவிடும். போகாத இடத்துக்கு வழி சொல்ல யாரால் முடியும்? மனப்பாடம் என்பது பழகிய தேர்வாளரின் காதுக்கு உடனே தெரிந்துவிடும்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு முதலில் கற்பித்த விதி, "தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்" என்பது. கட்டடத்தைப் பற்றிப் பேசுவதற்கும் அதுவே விதி. நீங்கள் கால் வைத்து நடந்த கட்டடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கண் பார்த்ததை வாய் சொல்லட்டும்.

இதைப் பழகிப் பார்க்கச் சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் வட்டாரம் மிகவும் ஏற்றது. மலாயில் தஞ்சோங் என்றால் நிலமுனை, பகார் என்றால் வேலி. 1864இல் தஞ்சோங் பகார் டாக் கம்பெனி தொடங்கப்பட்ட பிறகு, இது துறைமுகத் தொழிலாளர்களின் இடமாயிற்று. கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கிய தமிழர்கள் பலர் இதைச் சுற்றி வாழ்ந்தார்கள். இன்று இங்கே பழைய ரயில் நிலையம், கடைவீடுகள், ஐம்பது மாடிக் குடியிருப்பு ஆகிய மூன்றையும் நடந்தே பார்த்துவிடலாம்.

முதலில் ரயில் நிலையத்துக்குப் போவோம். கெப்பல் சாலையில் இருக்கிறது. 1932 மே மாதம் திறக்கப்பட்டது. ஜோகூரிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வந்த மலாயா ரயில்கள் இங்கேதான் வந்து நின்றன. 2011 ஜூன் 30ஆம் நாள் இரவு கடைசி ரயில் புறப்பட்டது. அதை ஜோகூர் சுல்தான் இப்ராகிம் ஓட்டிச் சென்றார். அதே ஆண்டு ஏப்ரலில் கட்டடம் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டிருந்தது.

இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? ஐந்து கேள்விகளை வரிசையாக வைத்துக்கொள்ளுங்கள். எங்கே இருக்கிறது? வெளியே எப்படி இருக்கிறது? உள்ளே என்ன இருக்கிறது? முன்பு என்ன, இப்போது என்ன? எனக்கு என்ன தோன்றுகிறது? வாசலில் தொடங்கி உள்ளே நடந்து வெளியே வருவது போன்ற வரிசை இது. இந்த வரிசையில் போனால் பேச்சு தானாகவே கோவையாக அமையும்.

முதல் கேள்வி, எங்கே? நாம் 'சாலையில்' என்று இடத்தைக் குறிக்கும் உருபைச் சொல்லுக்குப் பின்னால் சேர்க்கிறோம். ஆங்கிலத்தில் அது முன்னால் வரும். 'இட் இஸ் ஆன் கெப்பல் ரோட்.' நகரத்துக்கு 'இன்', சாலைக்கு 'ஆன்', குறிப்பிட்ட ஒரு புள்ளிக்கு 'அட்' என்று பழகுங்கள். 'நெக்ஸ்ட் டு', 'ஆப்போஸிட்', 'பிஹைண்ட்' ஆகிய மூன்றையும் சேர்த்துக்கொண்டால் எந்தக் கட்டடத்தையும் அதன் இடத்தில் நிறுத்திவிடலாம். இன்னொரு எச்சரிக்கை. தஞ்சோங் பகாரில் 1987இல் திறக்கப்பட்ட எம்.ஆர்.டி. நிலையமும் இருக்கிறது. ஆகவே 'தி ஓல்ட் ரயில்வே ஸ்டேஷன்' என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். கேட்பவரைக் குழப்பாமல் இருப்பதும் மொழித் திறமைதான்.

இரண்டாவது, வெளித்தோற்றம். முகப்பில் உயரமான வளைவுகள் தெரியும். நான்கு பெரிய வெண்சலவைக்கல் உருவங்கள் நிற்கின்றன. அவை வேளாண்மை, வணிகம், போக்குவரத்து, தொழில் ஆகியவற்றைக் குறிக்கின்றன. இங்கே நம் பிள்ளைகள் "ஃபோர் ஸ்டாச்சூஸ் இஸ் தேர்" என்பார்கள். 'நான்கு சிலைகள் இருக்கின்றன' என்ற தமிழ் வாக்கியத்தின் வரிசை இது. ஆங்கிலத்தில் அதைத் திருப்பிப் போட வேண்டும்: 'தேர் ஆர் ஃபோர் ஸ்டாச்சூஸ்.' ஒன்று என்றால் 'தேர் இஸ்', பல என்றால் 'தேர் ஆர்'. கட்டடத்தை வருணிக்கும்போது வாக்கியங்களில் பாதி இப்படித்தான் தொடங்கும். இந்த ஒன்றைத் திருத்திக்கொண்டாலே இலக்கண மதிப்பெண்ணில் வேறுபாடு தெரியும்.

மூன்றாவது, உள்ளே. நடுக்கூடத்தின் வளைந்த கூரை சுமார் 22 மீட்டர் உயரம். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். சுவர்களில் பெரிய சித்திரங்கள் ஆறு. அக்கால மலாயாவின் வாழ்க்கை அவற்றில் இருக்கிறது: நெல் நடுகிறார்கள், ஈயம் எடுக்கிறார்கள், மாட்டு வண்டி போகிறது, கப்பல் வருகிறது, கொப்பரை காய்கிறது, பால்மரம் வெட்டுகிறார்கள். அந்தச் சித்திரங்கள் ரப்பர் ஓடுகளால் ஆனவை என்பதையும் கவனியுங்கள்.

தோட்டத்துப் பிள்ளைகளிடம் இந்த இடத்தில் நான் சற்று நிறுத்துவேன். "எங்கள் தோட்டத்தில் பேசுவதற்கு என்ன சார் இருக்கிறது? எல்லாம் பழைய லயம்தானே" என்று கேட்கிற பிள்ளைகள் இவர்கள். அவர்களுடைய தாத்தாவும் பாட்டியும் விடியற்காலையில் பெரட்டுக்குப் போய், மரத்தைச் சீவி, மங்கில் பால் எடுத்த வேலை இது. அந்த வேலை ஒரு நாட்டின் பெரிய ரயில் நிலையத்தின் சுவரில் இடம் பெற்றிருக்கிறது. அதைக் கட்டிய பணத்திலும் ரப்பருக்குப் பங்கு உண்டு. மலாயாவின் ரயில் பாதைகள் ஈயத்தையும் ரப்பரையும் துறைமுகத்துக்குக் கொண்டுபோகத்தானே பெரிதும் உதவின. அந்தச் சித்திரத்தின் முன் நின்று 'திஸ் இஸ் த வொர்க் மை கிராண்ட்பேரன்ட்ஸ் டிட்' என்று ஒரு பிள்ளை சொன்னால், அது எந்த வழிகாட்டி நூலிலும் இல்லாத வாக்கியம். தேர்வாளர் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பார். அடுத்த கேள்வி அதிலிருந்தே பிறக்கும். அதற்கு விடை சொல்ல அந்தப் பிள்ளைக்கு எந்த மனப்பாடமும் வேண்டியதில்லை.

நான்காவது, அன்றும் இன்றும். இங்கே மூன்று வாக்கிய அமைப்புகள் போதும். 'திறக்கப்பட்டது' என்பதற்கு 'இட் வாஸ் ஓப்பன்ட் இன் நைன்டீன் தர்ட்டி டூ'. இதில் 'இஸ்' வராது, 'வாஸ்' வரும். நடந்து முடிந்த செயல் அல்லவா? முன்பு ஒன்றாக இருந்து இப்போது அப்படி இல்லாததற்கு 'யூஸ்ட் டு': 'ட்ரெயின்ஸ் ஃப்ரம் மலேசியா யூஸ்ட் டு ஸ்டாப் ஹியர்.' அன்று தொடங்கி இன்றுவரை தொடர்வதற்கு 'ஹேஸ் பீன்': 'இட் ஹேஸ் பீன் எ நேஷனல் மானுமென்ட் சின்ஸ் ட்வென்டி லெவன்.' இந்த மூன்றும் ஒரே பேச்சில் சரியாக வந்தால், இலக்கணத்தில் பல வகை தெரியும் என்று தேர்வாளர் குறித்துக்கொள்வார்.

ஐந்தாவது, உங்கள் கருத்து. 'வெரி நைஸ், வெரி பியூட்டிஃபுல்' என்று நிறுத்தாதீர்கள். ஏன் பிடிக்கிறது என்று காரணம் சொல்லுங்கள். 'வாட் ஐ லைக் மோஸ்ட் இஸ் த ஹை ரூஃப், பிகாஸ் த ஹால் ஃபீல்ஸ் கூல் ஈவன் ஆன் எ ஹாட் டே.' 'பிகாஸ்' என்ற சொல் வந்துவிட்டால் பேச்சு இன்னும் ஒரு வாக்கியம் நீளும் என்பது என் அனுபவம்.

இனி வெளியே வருவோம். கேண்டன்மென்ட் சாலையில் பினாக்கிள் அட் டக்ஸ்டன் என்னும் குடியிருப்பு இருக்கிறது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டியது, 2009இல் முடிந்தது. ஒவ்வொன்றும் ஐம்பது மாடி கொண்ட ஏழு புளோக்குகள், 1,848 வீடுகள். 26ஆம் மாடியிலும் 50ஆம் மாடியிலும் ஏழு புளோக்குகளையும் இணைக்கும் வான்பாலங்கள் உள்ளன.

மாடியை எண்ணும்போது ஒரு சிக்கல் வரும். நாம் 'ஒரு மாடி வீடு' என்றால் கீழ்த்தளமும் அதற்கு மேல் ஒரு தளமும் உள்ள வீடு. ஆங்கிலத்தில் அது 'டூ ஸ்டோரி ஹவுஸ்'. தரைத்தளத்தையும் சேர்த்து எண்ணுவார்கள். 'ஃபர்ஸ்ட் ஃப்ளோர்' என்றாலோ, பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் தரைக்கு மேலுள்ள தளம். சிங்கப்பூரில் முதல் தளம் என்பது தரையிலேயே இருக்கும். ஆகவே கட்டடத்தின் உயரத்தைச் சொல்ல 'ஸ்டோரி' என்ற சொல்லையே பயன்படுத்துங்கள். 'எ ஃபிஃப்டி ஸ்டோரி பில்டிங்' என்னும்போது 'ஸ்டோரி' ஒருமையில் நிற்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒப்பிட்டுப் பேசுவதற்கும் இந்த வட்டாரம் உதவும். 2016இல் கட்டி முடிக்கப்பட்ட குவோக்கோ டவர் சுமார் 290 மீட்டர் உயரம். பினாக்கிள் 156 மீட்டர். 'டாலர் தேன்', 'ஓல்டர் தேன்' என்று சொல்லிப் பழக வேறு என்ன வேண்டும்? 'மோர் டாலர்' என்று இரட்டிப்பாக்கிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

இந்த உயரங்களுக்கு நடுவே தாழ்வாக நிற்பவை கடைவீடுகள். கீழே கடை, மேலே குடும்பம். ஓட்டுக் கூரை. உள்ளே வெளிச்சமும் காற்றும் வர நடுவில் திறந்த முற்றம். அதை ஆங்கிலத்தில் 'ஏர் வெல்' என்பர். முன்புறம் மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கி நடக்க ஒரு நடைபாதை. ராஃபிள்ஸ் 1822இல் வகுத்த நகரத் திட்டத்தில் கடைகளுக்கு முன்னால் இப்படி ஒரு தாழ்வாரம் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்று விதித்தார். அதை 'ஃபைவ் ஃபுட் வே' என்கிறார்கள்; நம்மவர்கள் 'அஞ்சடி' என்று அழகாகச் சொல்லிவிட்டார்கள். இப்படி ஒவ்வோர் உறுப்புக்கும் உரிய பெயரைச் சொல்வதுதான் சொல்வளம். பெரிய பெரிய சொற்களைத் தேடி அலைய வேண்டாம்.

தஞ்சோங் பகார் கடைவீடுகள் 1989இல் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டன. இங்கிருந்து மூன்றாம் கட்டக் கேள்விக்கு வந்துவிட்டோம்: பழைய கட்டடங்களைக் காக்க வேண்டுமா? இதற்கு ஒரே விடை இல்லை. கடைவீடுகளைக் காத்ததால் நகரம் தன் முகத்தை இழக்கவில்லை என்று சொல்லலாம். 'ஆன் தி அதர் ஹேண்ட்' என்று தொடங்கி மறுபக்கமும் சொல்லலாம்: பினாக்கிள் நிற்கும் இடத்தில் முன்பு 1960களில் கட்டிய இரண்டு பழைய புளோக்குகள் இருந்தன, அவற்றை எடுத்ததால்தான் 1,848 குடும்பங்களுக்கு நகரத்தின் நடுவிலேயே வீடு கிடைத்தது. எந்தப் பக்கம் பேசினாலும் சரி. காரணமும் ஓர் உதாரணமும் இருக்க வேண்டும், அதுவே முக்கியம்.

உதாரணத்தை நம் சமூகத்திலிருந்தும் எடுக்கலாம். தஞ்சோங் பகார் வட்டாரத்தில் கடையநல்லூரிலிருந்து வந்த முஸ்லிம் மக்கள் 1946இல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினார்கள். துறைமுகத் தொழிலாளர்களின் பிள்ளைகள் பலர் அங்கே படித்தார்கள். 1982இல் பள்ளி மூடப்பட்டது. ஆனால் பெயர் மறையவில்லை. உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையத்தில் அது இன்றும் வாழ்கிறது. ரயில் நிலையத்தில் ரயில் போய்விட்டது, கட்டடம் நிற்கிறது. பள்ளியோ மூடப்பட்டது, பெயர் நிற்கிறது. ஒரு கட்டடத்தில் எதைக் காக்க வேண்டும்? சுவரையா, அதன் பயனையா, பெயரையா? இந்தக் கேள்வியைத் தேர்வாளர் முன் வைக்கிற மாணவர் வெறும் தேர்வு எழுதுகிறவர் அல்லர், சிந்திக்கிறவர்.

தோட்டப் பிள்ளைகளுக்கு இந்தச் சிந்தனை புதிதன்று. தோட்டம் கைமாறியதையும், லயங்கள் இடிபட்டதையும், பள்ளி பட்டணத்துக்கு இடம் மாறியதையும் கண்ணால் பார்த்தவர்கள் அல்லது வீட்டில் கேட்டவர்கள் அவர்கள். ஆகவே லயத்து வீட்டைப் பற்றியே பேசலாமே! அதே ஐந்து கேள்விகள்தாம். எங்கே? தோட்டத்து அலுவலகத்துக்குப் பின்னால். வெளியே? ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பல வீடுகள். உள்ளே? முன்னே ஓர் அறை, பின்னே அடுப்படி. முன்பு? பக்கத்து ஆயாக் கொட்டகையில் குழந்தைகள் இருந்தன, இப்போது அது பூட்டிக் கிடக்கிறது. என்ன தோன்றுகிறது? ஒரு வீட்டில் குழம்பு கொதித்தால் பத்து வீட்டுக்கும் மணக்கும். அந்த நெருக்கம் அடுக்குமாடியில் கிடைக்கவில்லை. இதை எளிய ஆங்கிலத்தில் சொல்லுங்கள். வீட்டைப் பற்றி வெட்கப்பட்டு வேறொரு மாளிகையைக் கடன் வாங்கிப் பேசுகிறவரைவிட, இவர் நிச்சயமாக நன்றாகப் பேசுவார்.

உச்சரிப்புப் பற்றி இரண்டொரு சொல். 'பில்டிங்' என்பதில் எழுத்தில் உள்ள 'யு' ஒலிக்காது. 'காலம்' என்னும் தூணைக் குறிக்கும் சொல்லின் கடைசி 'என்' ஒலிக்காது. கட்டடக் கலைஞரைக் குறிக்கும் சொல் 'ஆர்க்கிடெக்ட்'. அதில் 'ச்' ஒலி வராது. 'ஸ்டேஷன்', 'ஸ்கூல்' என்பவற்றின் முன்னால் 'இ' சேர்த்து 'இஸ்டேஷன்' என்று சொல்லிவிடாதீர்கள். 'ஃப்ளோர்', 'ரூஃப்' என்னும்போது மேற்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். இல்லையேல் 'ப' ஆகிவிடும்.

இறுதியாக, அந்த ஒரு நிமிடத்தை எப்படிப் பயன்படுத்துவது? முழு வாக்கியம் எழுதாதீர்கள்; நேரம் போய்விடும். ஐந்து கேள்விக்கு ஐந்து சொல் எழுதுங்கள். ரயில் நிலையம் என்றால்: கெப்பல், சிலை, ரப்பர், 2011, கூரை. அவ்வளவே. பிறகு பேசத் தொடங்குங்கள். நடுவில் ஒரு சொல் மறந்தால் நின்றுவிடாமல், தெரிந்த சொற்களால் அதை விளக்குங்கள். 'வளைவு' என்பதற்கு ஆங்கிலச் சொல் வரவில்லையா? 'தி டாப் ஆஃப் த டோர் இஸ் ரவுண்ட்' என்று சொல்லலாம். தவறில்லை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையுடன் கடைக்கோ கோயிலுக்கோ போகும்போது, திரும்பி வரும் வழியில் பார்த்த ஒரு கட்டடத்தைப் பற்றிச் சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டால் கவலை வேண்டாம். முதலில் தமிழில் சொல்லட்டும். தமிழில் ஒழுங்காக வருணிக்கத் தெரிந்த பிள்ளைக்கு ஆங்கிலத்தில் குறைவது சொற்கள் மட்டும்தான், சொற்களைச் சேர்த்துக்கொள்ளலாம். பார்க்கும் பழக்கம் இல்லாத பிள்ளைக்கு அகராதி முழுவதையும் கொடுத்தாலும் பேச்சு வராது.

ஆகவே மாணவச் செல்வங்களே, நாளைக் காலை பள்ளிக்குப் போகும் வழியில் ஒரு கட்டடத்தின் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். ஐந்து கேள்விகளையும் அதனிடம் கேளுங்கள். அது சொல்லும் விடையை நீங்கள் ஆங்கிலத்தில் சொல்லுங்கள். வாழ்த்துகள்.